நீல வெல்வெட் கவுனை முதலில் கேட்டது யார்

அக்டோபர் 3, வியாழன்
அமெரிக்காவிலிருந்து வந்த பழைய துணி மூட்டையைப் பிரித்தோம். நாற்பது ஸ்வெட்டர், ஜோடியில்லாத கையுறைகள், அடியில் ஒரு நீல வெல்வெட் கவுன். அம்மா முகர்ந்து பார்த்தாள். "ஒரு தடவதான் உடுத்தியிருக்கா. இதுக்கு அடிச்சிக்கப் போறாளுவ, பாரு." கட்டிலில் விரித்துப் படம் எடுத்து எங்கள் இணைய விற்பனைக் குழுவில் போட்டேன். நாளை ஏலம். வழக்கமான விதிதான்: உச்சவிலை 150 கெட்சால். அதை முதலில் எழுதுகிறவளுக்குத் துணி.

அக்டோபர் 4, வெள்ளி
கவுன் ஏலம் போய்விட்டது. என் கைப்பேசியில் ஞானஸ்நானத்தில் எனக்குத் தாயாக நின்ற ஞானத்தாய் அடெல்ஃபாவின் 150 மேலே, ஒதிலியா என்று யாரோ ஒருத்தியின் 150 கீழே. "அடெல்ஃபாவுக்கு" என்று அறிவித்தேன். அவள் மகள் யெஸ்லியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்காம். ஞானத்தாய் மூச்சிரைக்க வந்து கன்னத்தைக் கிள்ளினாள். "எம் பொண்ணுக்கு இனி கொறையே இல்லடி!" என் பட்டமளிப்பு அன்று, அப்பா இல்லாத இடத்தில் என் கையைப் பிடித்து மேடைவரை நடந்தவள். அவள் சிரித்தது எனக்கும் நிறைவாக இருந்தது.

அக்டோபர் 5
ஒதிலியா தன் கைப்பேசித் திரையைப் படமாக அனுப்பியிருக்கிறாள். அதில் அவள் 150 மேலே! ஞானத்தாய் கீழே. கூடவே குரல்பதிவு: "அக்கா, நான் பொய் சொல்லல. சிக்னலுக்காக மேட்டுல ஏறி நின்னு எழுதுனேன். இருபத்தாறாந்தேதி நர்ஸ் பட்டம் வாங்குறேன். எங்க வீட்ல மொதப் பட்டம் என்னோடதுதான்."
யாரோ பொய் சொல்கிறார்கள். யார்?

அக்டோபர் 6, ஞாயிறு
ஞானத்தாயின் கைப்பேசியில் ஞானத்தாய்தான் மேலே. சரி, இருவர் பக்கமும் சேராத ஒரு ஆளிடம் பார்க்கலாம் என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். அங்கே ஒதிலியா மேலே. அப்பாடா என்று இருந்தது. அவள் எட்டிப் பார்த்து, "அட, ஒதிலியாவா! எங்க சித்தி மக ஆச்சே" என்றாள்.
அப்போதுதான் உறைத்தது. அவரவருக்கு வேண்டியவர்களை அவரவர் திரை மேலே கொண்டுவந்து வைக்கிறது. அப்படியென்றால் என் திரை? அதற்கும் நான் யார் பக்கம் என்று தெரிந்திருக்கிறது.
இரண்டு 150-க்கும் நேரம் 5:52. நொடி காட்டாது.

அக்டோபர் 7
இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். அப்படியானால் நான் அறிவித்தது என்ன?

அக்டோபர் 9, புதன்
அம்மாவிடம் சொன்னேன்.
"கணக்குல பட்டம் வாங்குனவ. எது ஒண்ணு, எது ரெண்டுன்னு தெரியலங்கிற?"
"தெரியலம்மா."
"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. தெரியாதவங்க எல்லாம் அப்படித்தான் இருக்கோம்."
இருந்துவிடலாம்தான். ஆனால் — ஞானத்தாய் கீழே இருந்திருந்தால், ஒருமுறையாவது கூடுதலாகப் பார்த்திருப்பேனே? இப்போது மட்டும் என்ன, நியாயத்துக்காகவா குழம்புகிறேன்? அந்தப் பெண் என்னைப் போலவே முதல் பட்டம் என்று சொன்னதாலா? எதுவும் பிடிபடவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி
ஞானத்தாய் வீட்டுக்குப் போனேன். கவுன் தையல் இயந்திரத்தின் மேல் கிடந்தது. யெஸ்லிக்காக இடுப்பைப் பிடித்துத் தைத்தும் ஆகிவிட்டது. பாதிதான் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள்.
"அவ ஒனக்கு யாரு?"
"யாருமில்ல."
"நான் யாரு?"
அவள் கவுனை மடித்தாள். கையை உள்ளே, பாவாடையை மூன்றாக, வெல்வெட் நசுங்காமல். பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். காப்பி வைக்கவில்லை. கதவை அறைந்து சாத்தவும் இல்லை. அறைந்திருந்தால் தேவலை.
குழுவில் எழுதினேன், நாலு தடவை அழித்து அழித்து: "150 முதலில் எழுதியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் அறிவித்தது என் தவறு. ஞாயிறு மறு ஏலம். உச்சவிலை வரம்பு இல்லை."
நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு
ஏலம் திறந்ததும் முதல் வரி ஞானத்தாயுடையது. விலை இல்லை.
"இடுப்புல ரெண்டு விரக்கட புடிச்சிருக்கேன். வாங்குறவ வந்தா பிரிச்சித் தாறேன். கூலி வேண்டாம்."
அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை. ஒதிலியா 155. வேறு யாரும் கேட்கவில்லை. "ரோஷம்" என்கிறாள் அம்மா. ரோஷக்காரி தையல் பிரித்துத் தருவாளா?

அக்டோபர் 15
யெஸ்லியின் விழா அழைப்பு வந்தது. உறையில் அம்மா பெயர் மட்டும்.

அக்டோபர் 19, சனி
ஒதிலியாவுக்கு ஞானத்தாய் வீடு தெரியாது. கூட்டிக்கொண்டு போனேன். ஞானத்தாய் அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தினாள். நான் வாசலோடு நின்றேன்.
"எப்பிடிடி அம்புட்டு வேகமா எழுதுன?"
"முன்னாடியே 150ன்னு அடிச்சி வச்சிக்கிட்டு, வெரல மட்டும் தூக்கிக்கிட்டே நின்னேங்க."
"நானுந்தாண்டி! பீன்ஸ் தீஞ்சி, வீடெல்லாம் பொகை!"
ஒதிலியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏய் அசையாத, குத்திரும்" என்று ஞானத்தாய் அவள் இடுப்பில் தட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். யெஸ்லி வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு வாடகைக்கு ரோஸ் கவுனாம்.
ஞானத்தாய் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். "குண்டூசி."
யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது யெஸ்லிதான். நான் எடுத்துக் கொடுத்தேன்.