அஞ்சு கீ கிளாரினெட்

9 அக்., வியாழன்

சாயங்காலம் பேய் மழை. பழவேற்காடு பாலத்துல வண்டியோட தொப்பலா நனைஞ்சேன். பொட்டிக்குள்ளயும் தண்ணி. உள்ள இருந்தது மேல்நாட்டு சங்கீதக் குழு நடத்துற சாரோட பழைய கிளாரினெட். எரநூறு வருஷத்துக்கு முந்தின மாடல், மஞ்சள் மரம், விரலால அமுக்குற பித்தளை கீ அஞ்சே அஞ்சு. ஞாயித்துக்கிழமை காலைல மெட்ராஸ்ல கச்சேரி. முதல் பாதி இதுல, ரெண்டாம் பாதி என் புது கறுப்பு கிளாரினெட்ல. நல்லா வாசிச்சா குழுவுல நிரந்தர இடம்னு சார் சொல்லிட்டாரு. இருபது வருஷமா கல்யாணம், சாவுன்னு பேண்டு செட்டுல ஊதினவனுக்கு இது சின்ன விஷயமா?

துண்டு துண்டா கழட்டி, துடைச்சு, உள் ரூம்ல துணி மேல வச்சேன். நிழல்ல, மெதுவா காயணும்.

நைனா எட்டிப் பாத்தாரு. கடலுக்கு வரமாட்டேன்னு நான் சொன்ன நாள்லேர்ந்து அவருக்கு என் தொழில் வெறும் ‘பீப்பீ’.

வாங்க: கறுப்பு கிளாரினெட்டோட மூட்டுல தடவ கார்க் கிரீஸ். வீட்டுக்காரி தேவிக்கு இருமல் மருந்து.

10, வெள்ளி

சுள்ளுனு வெயில். பக்கத்து ஊர் தோணிரேவுல ஒரு சாவு. கறுப்பை எடுத்துட்டு விடிஞ்சதும் கிளம்பிட்டேன். ஊதி ஊதி உதடு வீங்கிடுச்சு.

மதியம் வீடு. வாசல்ல வலை விரிச்சு நெத்திலி காயுது. பக்கத்துலயே தனி வலைத்துண்டு மேல கிளாரினெட். எல்லாத் துண்டும் வரிசையா. காக்கா வராம நைனா குச்சியோட காவல்.

“இன்னாடா, ஈரத்தோட ரூம்ல போட்டு வச்சிக்கிற? பூஞ்சை புடிச்சிடாது? ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டேன். நல்லா காஞ்சிக்குது பாரு.”

மேல் துண்டு கொதிக்குது. நுனியிலேர்ந்து முதல் ஓட்டை வரைக்கும் வெடிப்பு. நகம் உள்ள போவுது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். முட்டி வலியோட காலைலேர்ந்து வெயில்ல உக்காந்திருக்காரு மனுஷன். எனக்காக.

“ஆமா நைனா. நல்லா காஞ்சிக்குது.”

உள்ள போய் அழுதேன்.

11, சனி

மூட்டம். மெழுகு அடைச்சேன், டேப் சுத்தினேன். காத்து ஒழுகுது. மேல் சுரம் எதுவும் நிக்கல.

தேவி: “மாமா தெரியாம வச்சிட்டாருன்னு சார்கிட்ட சொல்லேன்.”

சொல்லலாம். குடுக்கும்போதே சார் கேட்டாரு, “உங்க குப்பத்துல இதெல்லாம் பத்திரமா இருக்குமா?”ன்னு. இப்ப நைனாவையும் சேத்து அவர் வாயில போடணுமா? மாட்டேன்.

டேப்பைப் பிரிச்சுட்டு பொட்டியில எடுத்து வச்சேன்.

12, ஞாயிறு

போனதும் நானே பொட்டியைத் திறந்து காட்டினேன்.

“வெயில்ல வச்சது யாரு?”

“நான்தான் சார்.”

வெடிப்பையே தடவிட்டு இருந்தாரு. திட்டல. திட்டியிருந்தா தேவல. “மரத்தை வெயில்ல வைக்கக் கூடாதுன்னு தெரியாதவரை நம்பி நான் எப்படிங்க குடுப்பேன்?”

முதல் பாதி வேற ஆள், வேற கிளாரினெட். ரெண்டாம் பாதிக்கும் கூப்பிடல. கடைசி வரிசையில உக்காந்து கேட்டுட்டு வந்தேன். இனி கூப்பிடவும் மாட்டாங்க.

பொழுது சாயறதுக்குள்ள ஊர். நைனா வாசல்ல எழுந்து நின்னாரு.

“நல்லா ஊதினியா?”

இத்தனை வருஷத்துல இதைக் கேட்டதே இல்ல.

“ஊதினேன் நைனா.”

“அதான. அடுத்த தபா நனைஞ்சா எங்கிட்டயே குடு.”

சரின்னேன்.