சிவநாதனுக்கு இரண்டு குமிழ்த் திறப்புகள்

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். ஆனால் காற்று கடிக்கிறது. கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்து வேலை. மனைவி வசந்திக்கு இரத்தப் பரிசோதனை. பஸ்ஸிலேயே போய்விட்டாள், வேலையை விட்டுக் கூட்டிப் போகவில்லை என்று என்னோடு சின்னக் கோபம்.

பனி போனதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் விழித்துவிடுகிறார்கள். இந்தக் கிழமை மூன்று ஓடர். எல்லோருக்கும் ஒரே குறை: பக்கப் பெட்டிப் பூட்டின் திறப்பு சின்னச் சாவி, கையுறையோடு பிடிக்க முடியாது. திறப்பின் தலையை எடுத்துவிட்டுப் பெரிய குமிழ் வைத்துக் கொடுப்பேன்.

மத்தியானம் ஒரு பிள்ளையின் ரெலிபோன். துளசி, யூனியன்வில்.

“அங்கிள், அப்பாவுக்கு விரலெல்லாம் ஆர்த்ரைற்றிஸ். ஹாண்டிலைப் பிடிக்கிறார், சின்னத் திறப்பைக் கிள்ளிப் பிடிக்கேலாது. ஒவ்வொரு முறையும் பெட்டி திறக்க என்னைத்தான் கூப்பிடுறார். ஹீ ஹேற்ஸ் இற்.”

அப்பாவின் பெயர் சிவநாதன் என்றாள். கனடா வந்த புதிதில் எங்கே இருந்தவர் என்று கேட்டேன்.

“சென் ஜேம்ஸ் ரவுணிலை. ஒரு அப்பார்ட்மெண்ட்டிலை ஆறு பேராம்.”

அந்த ஆறு பேரில் ஒருவன் நான். சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மழை. துளசி வந்து, மாதிரிக்கு ஒரு திறப்பைத் தந்துவிட்டுப் போனாள். முகத்தில் அந்த நாடி அப்படியே சிவநாதனின், எங்கள் நா.வின் நாடி.

வாங்க: வெட்டாத திறப்பு 4, பசை, பால், வ.வின் மாத்திரை.

நாள் முழுக்கப் பதினேழாம் மாடி நினைவு. இரண்டு மெத்தை, முறை வைத்துத் தூக்கம். நானும் நா.வும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் கடைக் கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்போம். “குமார், உதிலை ஏறி வன்கூவர் மட்டுக்கும் போவமடா” என்பான். இருவருக்கும் லைசென்ஸ் கூட இல்லை. என்ன சிரிப்பு அது.

பிறகு அந்தச் செவ்வாய். வியாழன் நா.வின் அகதி வழக்கு. அவன் வேலையில் இருந்த நேரம் கொழும்பிலிருந்து ரெலிபோன். நான்தான் எடுத்தேன். அவனுடைய அப்பா இறந்துவிட்டார். மறைத்துவிட்டேன். வழக்கு வென்று, வியாழன் பின்னேரம் கேக்கோடு வந்தவனிடம்தான் சொன்னேன்.

“மூண்டு நாள் என்னைச் சிரிக்க விட்டிட்டியேடா.”

அந்த மாதமே வேறு இடம் போய்விட்டான். முப்பத்தைந்து வருடம். கல்யாண மண்டபங்களில் இரண்டு தடவை கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 25, வெள்ளி

மப்பு வானம். லேத்தில் அலுமினியம். வழக்கமான அளவில் ஒரு குமிழ் கடைந்து, என் விரல்களை நீட்டாமல் மடக்கி வைத்தபடி திருப்பிப் பார்த்தேன். வழுக்கியது. இரண்டாவது பெரிதாக, விளிம்பைச் சுற்றி ஆழமான வெட்டுகளோடு. சரி. அதே மாதிரி இன்னொன்று. மாதிரியைப் பார்த்து வெட்டிய திறப்புகளின் தலையை அறுத்து, தண்டைத் துளையில் இறக்கிப் பசை. நாளைவரை தொடக்கூடாது.

வ. எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, கதவுக் கைபிடி மாதிரிக் கிடக்கு?”

யாருக்கு என்று சொன்னேன்.

“அப்ப ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோவன், நீங்கள்தான் எண்டு.”

“திறப்பு வேண்டாமெண்டு சொல்லிப்போடுவான்.”

இதுவரை வ.வுக்கும் சொல்லாதது: அன்று கொழும்பிலிருந்து பேசியது நா.வின் அம்மா. “தம்பி, வழக்கு முடியட்டும். அவனுக்கு இப்ப சொல்லாதை. எனக்குச் சத்தியம் பண்ணு.” பண்ணினேன். பிறகு சொல்லியிருந்தால் அவன் கோபம் முழுக்க அந்த மனுசி மேல் போயிருக்கும். தகப்பனை இழந்த கையோடு தாயையும் வெறுக்கவா? என்னையே வெறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பின்னால் காரில் துளசி. இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான் நா. தலையில் முடியே இல்லை.

நான் வாய் திறக்கமுதல், “உன்னட்டைத்தான் எண்டு தெரிஞ்சுதான் பிள்ளையை ரெலிபோன் எடுக்கச் சொன்னனான்” என்றான்.

தலைக்கவசத்தை வாங்கி வைத்தேன்.

“அம்மா மார்கழியிலை போயிட்டா. போகமுதல் எல்லாம் சொன்னவ. நீ ஏன்ரா சொல்லேல்லை?”

“சத்தியம் வாங்கினவ.”

“பிறகாவது?”

“நீ அவவோடை கதையாமல் விட்டிருப்பாய்.”

“ஓம். விட்டிருப்பன்.”

பிறகு மெதுவாக, “அண்டைக்கு அம்மா அழுதவவோ?” என்றான்.

“இல்லை. வழக்குக்குப் போட உனக்கு நல்ல சேட் இருக்கோ எண்டு கேட்டவ. பொத்தான் பாத்துத் தைச்சு விடச் சொன்னவ.”

“நீதானே தைச்சனி.”

“ஓம்.”

மறுபக்கம் திரும்பி நின்றான். துளசி காரிலிருந்து இறங்கப் போனாள். வேண்டாம் என்று கை காட்டினேன்.

குமிழ்களைக் கொடுத்தேன். விரல்கள் கோணிவிட்டன, உள்ளங்கையால்தான் திருப்பினான். வலப் பெட்டி திறந்தது. இடப் பெட்டியும். உள்ளே ஒரு மழைக்கோட்டும் பழந்துணியும். ஏதோ புதையல் கண்டவன் மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினான். மூடினான். திரும்பத் திறந்தான்.

வ.வின் தேத்தண்ணி. இரண்டு கோப்பை குடித்தான்.

மே 4, ஞாயிறு

தூறல். புல் வெட்டவில்லை. நா. ரெலிபோன். புதுத் திறப்புக்கு இடப் பக்கப் பூட்டு இறுகுதாம்.

இறுகாது. நான் செய்தது, எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் கொண்டு வரச் சொன்னேன்.