காற்றில்லாமல் பறக்கும் சிலந்தி

பிப். 10, திங்கள்
காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். யாழினி கழுத்தில் கொப்புளம், நேற்றைவிட அதிகம். பதினோரு மாதக் குழந்தைக்கு இவ்வளவா. மாமியார் பார்த்ததுமே: "சிலந்தி ஊர்ந்துக்கினு போயிருக்குது. வூடு பூரா இருக்குது, நீ பாக்கறதில்லையாம்மா?"
ஒட்டடை அடித்தேன். எட்டுச் சிலந்தி.

பிப். 11
ஜன்னல்களுக்குக் கொசுவலை. மதியம் அதன்மேல் கடுகளவு சிலந்தி. பின்பக்கத்தைத் தூக்கியது, நூல் விட்டது, கிளம்பிவிட்டது. இலைகூட அசையவில்லை. விசிறியும் இல்லை, பாவு நூல் கலையும் என்று தறியில் இருக்கும்போது இவர் போட விடமாட்டார்.
போனில் தேடினேன். காற்று வெளியில் எப்போதும் மின்புலம் உண்டாம். நூலில் மின்னூட்டம் இருப்பதால் அதுவே தூக்கிவிடுமாம். கடல்கூடத் தாண்டுமாம். வறண்ட நாளில் பட்டு இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்க்குமே, அதே சங்கதி. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், வியந்திருக்க வேண்டும். வலை ஓட்டை அதற்குப் பெரிய வாசல் என்று மட்டும் தோன்றியது.

பிப். 12
கடை: டேப் 2, பூச்சி ஸ்ப்ரே, பால், கேழ்வரகு.
இவரும் மாமியாரும் கோயிலுக்குப் போன நேரம். ஜன்னல்களைச் சாத்தி எல்லா இடுக்கையும் டேப்பால் ஒட்டினேன். ஸ்ப்ரே அடித்தேன். தொட்டிலுக்கு அடியிலும். சாயங்காலம் மாமியார் சாம்பிராணி போட்டதும் மறுபடி; அந்தப் புகையில் மருந்து நெடி யாருக்கும் தெரியவில்லை.

பிப். 13
யாழினிக்கு மூச்சு விசில் மாதிரி. ஆட்டோவில் உதடு நீலம். என் பிள்ளை, என் பிள்ளை.
ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை. டாக்டர்: "வீட்ல எதுனா ஸ்ப்ரே, புகை?" நான் வாய் திறக்குமுன் இவர்: "எங்கம்மா தினம் சாம்பிராணி போடுவாங்க சார்."
நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை.
கொப்புளம் ஏதோ துணி ஒத்துக்கொள்ளாததாம். சிலந்தி இல்லை.

பிப். 14
ஆக்சிஜன் குறைத்தார்கள். இரண்டு வாய் பால்.
வராந்தாவில் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் மாமியார்: "என் கையாலயே புள்ளைய கொன்னுப் போடப் பாத்தேன்மா." நான் ஃபிளாஸ்க்கோடு தூணுக்குப் பின்னால்.

பிப். 15
வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே நெடி. மாமியார் குழந்தையைத் தொடமாட்டேன் என்றார். கை புகை நாறுமாம்.
சொல்லிவிட்டேன். "அத்தை, சாம்பிராணி இல்ல. நான் பூச்சி மருந்து அடிச்சேன். ரெண்டு தடவ."
இவர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.
"நாங்க தெருவுல நிக்கிறோம். நீ போய் எல்லா ஜன்னலயும் தொற."
மூக்கில் துணி கட்டிக்கொண்டு உரித்தேன். டேப்போடு சுண்ணாம்பும் வருகிறது. தெருவில் யாழினி இருமினால் கை நின்றுவிடுகிறது. சமையலறை ஜன்னல் பாக்கி.