கணக்கில் வராத சிமிட்டல்

என் கோபக்காரிக்கு,

அப்பாவுக்குக் கை கால் விழுந்து பேச்சும் நின்றுவிட்டது. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை ‘ப்ளிங்க்’ பண்ணுவார் என்றாள் நர்ஸ். நான் அதை ‘விங்க்’ என்று சொல்லப்போக, சிரித்துவிட்டாள்.

“ரெண்டு கண்ணையும் மூடினாத்தாம்மா ப்ளிங்க். ஒத்தைக் கண்ணை மூடினா அது குறும்பு.”

எனக்கு இரண்டும் கண் சிமிட்டல்தான்.

தண்ணீர் வேண்டுமா, ஃபேன் போடவா என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். நேற்று, “என்னோட சண்டை போட்டுட்டுப் போனாளே, அவளைக் கூப்பிடவா?” என்றேன். ஒற்றைக் கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

“இது கணக்குல வராதும்மா” என்றாள் நர்ஸ்.

நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று உனக்கு அப்படித்தானே சிமிட்டுவார். எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா?

கிளம்பி வா. அவர் பார்க்க உன்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும்.

அம்மா