மாமியாருக்கு ஒரு வணக்கம் போதும்

தேக்வாங்ரி
1971, பழைய கணக்கில் ஒன்பதாம் மாதம் பன்னிரண்டு

என் கண்ணு இன்சுன்,

புத்தர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போட்டோ வந்தது. இளைத்திருக்கிறாய், மறைக்கத்தான் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா மட்டும் பொண்ணு ராணி மாதிரி இருக்கா என்று சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, மூலையில் கிரீஸ் கறையே பண்ணிவிட்டார்.

அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அவர் கதையைக் கேள். ஜூலையில் நம் ஊரோடு நின்றிருந்த ரயிலை அடுத்த ஊர் சின்தான்ரி வரைக்கும் விட்டார்கள். பத்து நிமிஷப் பயணம், அதற்கு உன் அப்பா மாப்பிள்ளை மாதிரி தொப்பி போட்டு, தன் அம்மாவுக்கென்று கருவாட்டை ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு முதல் வண்டியில் ஏறினார், துணைக்கு நான். அந்தப் பழைய டிக்கெட்டை நீ மறந்திருக்க மாட்டாய். வடக்கே தன் ஊர் பியோங்காங்கிலிருந்து அப்பா சியோலுக்கு வேலைக்கு வந்தபோது, இவன் திரும்பி வராமல் போய்விடுவானோ என்று உன் பாட்டி திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிக் கையில் கொடுத்தாளாம். அதே வருஷம் நாட்டுக்கு நடுவில் கோடு போட்டு வடக்கு, தெற்கு என்று பிரித்துவிட்டார்கள், டிக்கெட்டின் பாதி இவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. சண்டை ஓய்ந்ததும் ரயில் போகும் கடைசி ஊர் எது என்று விசாரித்துத்தானே இங்கே வீடு பிடித்தார். சின்தான்ரியில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், பேண்டு வாத்தியம் முழங்குகிறது, இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் வந்து அய்யா, கடைசி ஸ்டேஷன், எறங்குங்க என்றான். இவர் டிக்கெட்டை எடுத்து நீட்டி, எனக்கு இன்னும் நாலு ஸ்டேஷன் பாக்கி இருக்கு தம்பி என்கிறார். எனக்கு மானமே போயிற்று. அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிக்கெட்ல ஒரு தப்பும் இல்லீங்கய்யா, தண்டவாளம்தான் இல்ல என்று தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான். தண்டவாளம் முடிகிற இடத்தில் புல்லில் உட்கார்ந்து கருவாட்டை நாங்களே தின்றோம். உப்பு ஜாஸ்தி என்றார் உன் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதோடு விட்டதா. அறுவடைப் பண்டிகைக்கு அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, உன் தொக்சு சித்தப்பா வந்தார். அண்ணி, பெரியம்மாவுக்கு எண்பத்து மூணு ஆச்சு, இருந்தா நல்லது, இல்லேன்னா இத்தனை வருஷமா அங்க பட்டினியால்ல நிப்பாங்க, செத்த நாள் தெரியாதவங்களுக்கு ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள் படைக்கலாமே என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. படைக்காமல் விட்டால் அம்மா பசியோடு அலைவாள், உயிரோடு இருக்கிறவளுக்குப் படைத்தாலோ பிள்ளையே கொன்ற மாதிரி. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து, நீ என்ன சொல்ற என்பார். நான் பார்த்திராத மாமியார், என்னத்தைச் சொல்ல. மற்றவர்களுக்கு மாமியார் திட்டியாவது தெரியும், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வருஷா வருஷம் அவள் பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் வைத்ததுதான் நான் செய்த பணிவிடை. கோயிலில் நூற்றியெட்டு முறை விழுந்து கும்பிட்டுக் கேட்டேன், முழங்கால் வலியைத்தான் கொடுத்தார் பகவான். கடைசியில் அப்பாவே, சரி, படைச்சுடலாம் என்றார். சொன்ன குரல் அவருடையதாகவே இல்லை.

மூன்று நாள் முன்பு, ஒன்பதாம் நாள் விடியும்போதே அடுப்படிக்குப் போய்விட்டேன். வடக்கே பார்த்து மேசை போட்டு சோறு, மீன், பேரிக்காய், கொட்டைப் பருப்பு எல்லாம் வைத்தாயிற்று. சூப் பானையைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால் சித்தப்பா அலறினார், என்ன அண்ணி இது, செத்தவங்களுக்குப் பொறந்தநாள் சூப்பா, முள்ளங்கியும் கறியும்ல போடணும், இந்த வீட்டுல கேக்க ஆளே இல்லியா என்று. பார்க்கிறேன், பானை நிறையக் கடற்பாசி. வேண்டுமென்றே செய்தாயா என்று நீயும் கேட்பாய். புத்தர் சத்தியமாக எனக்கே தெரியாது. கறியை நறுக்கியது நினைவிருக்கிறது, கடற்பாசியை எப்போது ஊறப்போட்டேன் என்பது நினைவில்லை. மாமியார் பெயரைச் சொன்னதும் கை தன்பாட்டுக்கு அதை எடுத்திருக்கிறது.

உன் அப்பா பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். செத்தவர்களுக்கு நடுவது போலச் சோற்றில் நட்டு வைக்கக் கரண்டியைக் கையில் எடுத்திருந்தவர், நடாமல், நீயும் நானும் சாப்பிட உட்காரும்போது வைப்பது போலக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு விழுந்து கும்பிட்டார். ஒரு தடவை. எழுந்து நின்றுவிட்டார். சித்தப்பா செத்தவருக்கு உள்ள இரண்டாவது கும்பிடுக்காக நெற்றியைத் தரையில் வைத்தபடியே காத்திருக்கிறார், பின்பக்கம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு. எழுந்திருடா, உசுரோட இருக்கிறவங்களுக்கு ஒண்ணு போதும் என்றார் உன் அப்பா. இன்சுன் அம்மா, சூப்பை ஊத்து, ஆறிடப்போகுது என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். சித்தப்பா முறைத்துக்கொண்டே மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

நீ இருக்கும் நாட்டிலும் நடுவில் சுவர் இருக்கிறதாம். அந்தப் பக்கம் போய் யாராவது வடக்குக்காரரைப் பிடித்துப் பாட்டியைப் பற்றி விசாரிக்கிறேன் என்று கிளம்பிவிடாதே, இங்கே அப்பாவைப் போலீசில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அந்தத் தவிப்பை எங்களிடம் விட்டுவிடு. வேளைக்குத் தூங்கு, கம்பளிக் காலுறை போடு, கல்யாணப் பேச்சை எடுத்தால் கடிதத்தைக் கடைசி வரை படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தத் தடவை எடுக்கவில்லை.

நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல் இரு மகளே. கூட வரும் பொட்டலத்தில் காய்ந்த கடற்பாசி வைத்திருக்கிறேன், ஊறப்போட்டால் ஈரத்துணி என்று நினைத்து அந்த ஜெர்மன் பெண்கள் காயப்போட்டுவிடப் போகிறார்கள், ஒளித்து வை. பதினொன்றாம் மாதம் மூன்றாம் நாள் மறக்காமல் சூப் வைத்துச் சாப்பிடு. பாட்டிக்கு எண்பத்து நாலு பிறக்கிறது.

உன் அம்மா