அறுபது காலடி

மார்ச் 4
ஆற்றோரமாகச் சுற்றி வர நடைபாதை திறந்துவிட்டார்கள். சுரங்கம் மூடி முப்பது வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள், இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் காற்று போக வெட்டிய பழைய குழியை மரம் போட்டு மண் தள்ளி மூடியது யாருக்கு நினைவிருக்கிறது? எனக்கு. பம்ப் அறை மூலையிலிருந்து ஆற்றைப் பார்த்து நேராக அறுபது காலடி. சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்த காலத்தில் எண்ணியது. "உன் கால் இருந்தா சங்கிலியே வேணாம்டா" என்பார்.
இன்று நடந்து எண்ணினேன். அறுபதாவது காலடி நடைபாதையின் நட்டநடுவில். அடியில் மரம் உளுத்திருந்தால்?

மார்ச் 7
நடைபாதை போட்ட இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். சுரங்க வரைபடத்தை விரித்தார். "இதுல இல்லையே, பெரியவரே."
தாளில் இல்லாவிட்டால் குழி தூர்ந்துவிடுமா?

மார்ச் 9
நானே பாதையில் கல் அடுக்கினேன். ஆற்றுப் பக்கம் புல்லை வெட்டி மாற்று வழி. மகள் சர்க்கரைக்காகத் தினமும் நடப்பவள். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன்.
"ஊரே சிரிக்குதுப்பா."
சிரிக்கட்டும்.

மார்ச் 15
இரண்டு முறை கல்லை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் முறையும் அடுக்கினேன்.

மார்ச் 26
என் தொல்லை தாங்காமல் துளை போடும் இயந்திரம் வந்தது. பாதையில் ஐந்து இடம். ஐந்திலும் பாறை.
"குழி லீவுல போயிருக்கு போல, தாத்தா" என்றான் இயந்திரக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.
திரும்பும்போது மகள், "கொஞ்சம் எட்டி வைங்கப்பா, இருட்டிடும்" என்றாள்.
எட்டித்தான் வைக்கிறேன்.

மார்ச் 27
காலையில் எழுந்ததும் அவள் சொன்னது உறுத்தியது. அவளுடைய தையல் டேப்பை எடுத்து, கூடத்தில் பத்துக் காலடி வைத்து அளந்தேன். இருபது அடி. அந்தக் காலத்தில் சர்வேயர் என் பத்துக் காலடியை அளந்தபோது இருபத்தைந்து.
அப்படியென்றால் அறுபதுக்கு — முப்பது அடி குறைகிறது. குழி இன்னும் ஆற்றுப் பக்கம். நான் வெட்டிய வழியில்.
அவள் நடக்கப் போய்விட்டிருந்தாள். செருப்பில்லாமல் ஓடினேன். புல்லுக்குள் பாதி தூரம் வந்திருந்தாள்.
"நில்லு! ஒரு அடி எடுத்து வைக்காத! வந்த வழியே திரும்பு!"
வாழ்க்கையில் முதல் தடவையாக ஏன் என்று கேட்காமல் திரும்பினாள்.
பதினெட்டு நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறாள். யார் போகச் சொன்னது? நான்தானே — பாவி, நான்தானே சொன்னேன்.
இன்ஜினியருக்கு நானே போன் செய்தேன்.

மார்ச் 28
புல்லில் துளைத்தார்கள். மூன்றடியில் துளைக்கம்பி பிடியை விட்டு விழுந்தது. அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்க வெகுநேரமானது. யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 11
வேலி போட்டாயிற்று. பாதையில் கிடந்த கல்லை நானே அள்ளினேன். குழி இருந்தது, அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.
இன்னும் இரண்டு குழி காட்ட வேண்டுமாம். "அதுல முதல் குழி எத்தனை காலடி, பெரியவரே?" என்றார் இன்ஜினியர்.
"எண்பது" என்றேன். நடக்கத் தொடங்கியவர் நின்று என்னைப் பார்த்தார்.
"இருநூறு அடி. டேப்பைப் பிடிங்க."