பொத்தான் டியூஷன்

ராத்தா,

இன்று காலை அலுமாரியின் மேல்தட்டில் போர்வை தேடும்போது, நீங்கள் தந்த பால்மா டின் கைதவறி விழுந்தது. மூடி கழன்று பொத்தான்கள் சிமெந்துத் தரையெங்கும் சிதறி ஓடின. அந்தச் சத்தத்துக்கு ஷாலினி தலையைத் திருப்பினாள். கண் போய், பேச்சுப் போய், ஒரு வருடமாக எதற்கும் திரும்பாமல் கிடக்கிற என் மகள். என் கை தானாகப் போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடியது. தேடி எடுத்த பிறகுதான், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நீங்கள் கண்மூடிவிட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. நம்பரை அழிக்க மனமில்லாமல்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பேராதனை கிளினிக்கில் நாம் அக்கா தங்கையாகப் பழகத் தொடங்கியதே சண்டையில்தான். அக்குறணையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, காற்றாடிக்குக் கீழே இருந்த ஒரே கதிரையை உங்கள் அஸ்லமுக்குப் பிடித்து வைத்திருந்தீர்கள். பக்கத்திலே மஹய்யாவையில் இருந்துகொண்டும் நான் பிந்தி வந்தேன், அதனால் கோபமும் எனக்குத்தான். உள்ளே போய் வந்ததும் இருவர் கையிலும் ஒரே நோயின் பெயர் எழுதிய துண்டு. அந்தப் பெயர் உங்கள் வாயிலும் நுழையவில்லை, என் வாயிலும் நுழையவில்லை. “அழிறப்பர் வருத்தம்” என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். படித்த எழுத்தை, நடந்த நடையை, அம்மா என்ற சொல்லை, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகிற வருத்தம்.

மருந்து இல்லை என்று டொக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். இந்த அபூர்வ நோய் வந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டி வாருங்கள் என்றார். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க எவ்வளவு நேரம், ஒரு நிமிடத்தில் எத்தனை பொத்தான்களைக் கிண்ணத்தில் போடுகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான். ஆனால் எங்கோ வெளிநாட்டில் ஒரு மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்று நம் காதில் விழுந்திருந்ததே. குறைந்த புள்ளி எடுக்கிற பிள்ளையை அந்த மருந்துக்கான பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பொத்தான் டியூஷன் என் யோசனை. ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பாலர் வகுப்பிலிருந்தே டியூஷன் தேடுகிற ஊர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? நீங்கள் தையல்காரி, பொத்தானுக்குப் பஞ்சமில்லை. இரண்டு டின்னில் நிரப்பி எனக்கொன்று தந்தீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரத்தில் நீங்கள் அங்கே, நான் இங்கே, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நிமிடம் பார்ப்போம். அடுத்த தடவை புள்ளி கூடியது. கென்டீனில் வடையும் பிளேன்டீயும் வாங்கி, பிள்ளைகள் பாஸான தாய்மாரைப் போல உட்கார்ந்து தின்றோம். அந்த வடையின் ருசியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கடுத்த கிளினிக்கில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டொக்டர் முன்னால் டின்னை வைத்தீர்கள்.

“டொக்டர், நாங்க புள்ளைகளுக்கு டியூஷன் குடுத்துட்டோம். இப்ப எண்ட மகன் சட்டையில பொத்தானக் கண்டாலே அழுறான். எனக்கு இதுக்கு மேல ஏலாது.”

டொக்டர் ஏசவில்லை. மருந்தில்லாமல் இந்த நோய் எப்படிப் போகிறது என்று சரியாகத் தெரியாவிட்டால், நாளைக்கு ஒரு மருந்து வரும்போது அது வேலை செய்ததா என்று எதை வைத்துச் சொல்வது என்றார். எந்தெந்த மாதம் பழக்கினோம் என்று கேட்டு, அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். யாருடைய பெயரும் வெட்டுப்படவில்லை.

வெளியே வந்து நான்தான் கத்தினேன்.

“அப்ப எம்புள்ள விழுறத அளக்கத்தானா நாம இங்க வர்றோம்?”

“ஓ, அதுக்குத்தான். சரியா அளந்து வெச்சா பொறகு வாற ஒரு புள்ளக்கி ஒதவும். பொய்யா அளந்தா ஒத்தருக்கும் இல்ல, தங்கச்சி.”

அன்றைக்கு எனக்குப் பிறகு வருகிற பிள்ளை வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளைதான் வேண்டும். அரை வருடம் உங்களோடு பேசவில்லை. கிளினிக்கில் கண்டாலும் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவேன். நீங்கள் எனக்கும் ஒரு கதிரை பிடித்து, கைப்பையை அதன்மேல் வைத்திருப்பீர்கள். அது வெறுமையாகவே கிடக்கும். இப்போது அந்த அரை வருடத்தை நினைத்து நினைத்து மனம் அடித்துக்கொள்கிறது.

அஸ்லம் போன செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது, நீங்கள் எதையும் கிளறவில்லை. புறப்படும்போது அவனுடைய டின்னை என் கையில் வைத்தீர்கள். “இதால டியூஷன் குடுக்க வாணாம். சும்மா குலுக்கிக் காட்டுங்க, புள்ள கேட்டுட்டு ஈக்கட்டும்.” அதற்குப் பிறகு நீங்கள் போகும்வரை, நாம் போனில் பேசாத நாள் குறைவு.

இன்று பொத்தான்களைப் பொறுக்கி டின்னில் போட்டேன். ஷாலினியின் தலைமாட்டில் நின்று மறுபடியும் விழவைத்தேன். திரும்பவில்லை. இன்னொரு முறை. அதற்கும் இல்லை. மூன்றாவது முறை, திரும்புடி அம்மா என்று கெஞ்சிக்கொண்டே போட்டேன். முகம் கூரைப் பக்கமாக இருந்தபடியே கிடந்தாள்.

கிளினிக் ஆய்வில் வேலை செய்கிற பெண் நாளைக்குப் போன் எடுத்து, மாற்றம் ஏதும் உண்டா அக்கா என்று கேட்பாள். சத்தத்துக்குத் திரும்புகிறாள் என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கிறது. பொய்யுமில்லையே. ஆனால் அஸ்லமின் அழுத முகமும், டொக்டர் முன்னால் டின்னை வைத்த உங்கள் கையும் என்னை விடுவதாயில்லை. கொப்பியை எடுத்து எழுதிவிட்டேன்: ஒரு முறை திரும்பினாள், பிறகு மூன்று முறை திரும்பவில்லை.

போன் எடுக்கிறவளிடம் நான்கையும் சொல்வேன். உங்களிடம் மட்டும் அந்த முதல் முறையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

திரும்பினாள், ராத்தா.